ஏப்ரல் மணல்

பெட்டி முன்னறையில் வாயைத் திறந்துகொண்டு கிடக்க ஆரம்பித்ததிலிருந்து ஜிஜிக்கு வீட்டில் ஒதுங்க இடமில்லாமல் போயிற்று. அவள் படித்துக்கொண்டிருந்தால் தொந்தரவு செய்யாமல் போகிறவர்கள்கூடப் பெட்டியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். சர்ச்சில் பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவர்கள், அப்பாவோடு டிரான்ஸ்போர்ட் டிப்போவில் பஸ் ஓட்டுகிறவர்கள், பாறசாலைச் சந்தையில் அம்மாவுக்கு மீன் தருகிறவள் என்று எல்லாருக்கும் அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு அபிப்பிராயம் இருந்தது. ஜிஜியின் அபிப்பிராயத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அவள் போவது ஹாலந்துக்கு. ஒரே ஒரு செமஸ்டர். திருவனந்தபுரத்தில் அவள் ஆராய்ச்சி செய்யும் துறையிலிருந்து, கடலரிப்பைப் பற்றி அங்கே படித்துவிட்டு வருவதற்கு அந்த வருடம் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆனால் 1997இல் அந்த ஊர்க்காரர்களுக்கு வெளிநாடு என்றால் கல்ஃப்தான். விமானம் ஏறுகிறவன் போய்ச் சேருகிற இடம் எதுவானாலும் அங்கே ஒட்டகமும் ஊர்க்காரன் ஒருவனும் இருந்தே தீரவேண்டும். அம்மா சத்தியபாய்க்கு இது பிடிக்கவில்லை. அதனால் சர்ச்சில் "லண்டனுக்கு அடுத்தாப்பல" என்று சொல்லிவைத்திருந்தாள். ஜிஜி ஒருமுறை திருத்தப் பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். பேசித் திருத்துவதைவிடப் பேசாமல் இருந்துவிடுவது அவளுக்கு எளிது. அந்த வீட்டில் அதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது என்று பெயர்.

பெட்டியில் வைக்க அவளுக்கென்று அதிகம் இல்லை. கொஞ்சம் உடுப்பு, ஒரு ஸ்வெட்டர், இரண்டு புத்தகங்கள். அப்புறம் மணல்.

மணல் ஆறு ஹார்லிக்ஸ் பாட்டில்களில் இருந்தது. ஏப்ரல் மாதத்தில், மழை தொடங்குவதற்கு முன், பொழியூர்க் கடற்கரையில் ஆறு இடங்களை அளந்து குறித்து அவள் எடுத்துவந்த மணல். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் "மோளே, மணலு எண்ணுகியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், வேறென்ன செய்ய. வீட்டுக்குக் கொண்டுவந்து உப்புப் போகக் கழுவி, செய்தித்தாளில் பரப்பிக் காயவைத்து, சிப்பியும் கல்லும் போக அரித்து, பாட்டிலில் நிரப்பி, எந்த இடத்து மணல் என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டினாள். ஜூனில் கடல் ஏறியது. ஏப்ரலில் அவள் நின்ற கரை முழுவதையும், அதற்குப் பின்னால் இருந்த தென்னை வரிசையையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று. ஆகஸ்டில் மறுபடியும் போய், எஞ்சியிருந்த கரையில் மணல் எடுத்தாள். எந்த இடத்தில் எந்தப் பருமனான மணல் போயிற்று, எது நின்றது என்பதை இந்த இரண்டையும் ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். அதற்கான இயந்திரம் ஹாலந்தில் இருந்தது. கொண்டுபோவதற்கு அனுமதியும் வாங்கியாகிவிட்டது. அந்த மணலைக் காட்டித்தான் அவளுக்கு இடமே கிடைத்தது. அது இல்லாமல் போனால், வேறு யாருடைய கடற்கரையையோ பார்த்துக் குறிப்பெழுதிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஆகஸ்ட் மணலைத் துறையில் கொடுத்த கெட்டியான பிளாஸ்டிக் உறைகளில் போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டாள். உறை அதற்கு மட்டும்தான் போதுமாயிருந்தது. ஏப்ரல் மணல் பாட்டில்களிலேயே, அடுக்களைக்குப் பின்னால் விறகுப் பக்கத்துப் பலகையில் இருந்தது. வீட்டில் வேறெங்கும் வைக்க இடமில்லை.

பெட்டி கட்டுவதற்கு யோசுவா மாமா வந்தார். அடுத்த வீட்டுக்காரர், கல்ஃபில் தம்மாமில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அந்தப் பக்கத்தில் யார் விமானம் ஏறினாலும் பெட்டிக்கு மஞ்சள் கயிறு போட்டு, வரிந்து கட்டி, நாலு பக்கமும் பெரிய எழுத்தில் பெயர் எழுதுவது அவர்தான். கூலி வாங்கமாட்டார். தன் பொதி ஒன்றைப் பெட்டியில் வைப்பார். அதை வேண்டாம் என்று சொன்னவர்கள் இதுவரை இல்லை.

அன்று கட்ட வரவில்லை, எடை பார்க்க வந்திருந்தார். ரப்பர் ஷீட் எடுக்கிற கடையிலிருந்து வாங்கிவந்த கொக்கித் தராசைக் கதவின் மேல்சட்டத்தில் மாட்டிவிட்டு, பெட்டிக்குள் கையை விட்டு ஒரு உறையை எடுத்தார்.

"இது என்னத்த பிள்ளே? மணலா?"

"ஆமா மாமா. படிப்புக்கு."

"நான் அத்தன வருசமும் மணலுக்க உள்ளதான் கிடந்தேன். ஒருத்தனும் எனக்கு சர்ட்டிபிக்கேட் தரல்லே, பாத்துக்க." அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "எலே ராபின்சா, அங்க இருந்து மணலு கொண்டு வந்தவன நான் கண்டதில்ல. இங்க இருந்து கொண்டு போறவள இப்பத்தான் காணுதேன்."

அப்பா சிரித்தார். ஜிஜி உறையை வாங்கித் திரும்பவும் உள்ளே வைத்தாள்.

"இன்னும் ஆறு பாட்டில் மணல் வரும் மாமா. அதுக்கு இடம் விடணும்."

"அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, அவர் தன் துணிச் சஞ்சியிலிருந்து ஒரு பொதியை எடுத்து நடுவில் அழுத்தினார். எண்ணெய் கசியாமல் துணியில் சுற்றித் தைத்திருந்தது. "எனக்க மோன் விபினுக்கு. பிளேனு துபாய்ல நிக்குமில்லியா? அவன் வந்து வாங்கிக்கிடுவான்."

"மாமா, அங்க நிக்கது வேற பிளேன் மாறதுக்கு. வெளிய விடமாட்டாவ."

"நீ எதுக்கு வெளிய போணும்? அவன் உள்ள வருவான். அவனுக்கு அங்க ஆளு உண்டு."

"பெட்டி எனக்க கையில இருக்காது. இங்க குடுத்தா நேரே ஹாலந்துலதான் வரும்."

"ஒரு வாக்கு சென்னா எடுத்துத் தருவாவ. நீ பேசமாட்டே, அதாக்கும் உனக்க கொழப்பம்."

"வச்சுக்கிடட்டும் மக்கா" என்றார் அப்பா. "ஒரு பொதிதானே."

ஜிஜி பேசவில்லை. பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதில் அந்த ஊரில் யாருக்கும் தயக்கம் இருந்ததில்லை.

மறுநாள் காலையில் ஏப்ரல் மணலுக்கு உறை வாங்கத் திருவனந்தபுரம் போனாள். அது இரண்டு கடைகளில் இல்லை. மூன்றாவது கடையில் இருந்தவன் சாப்பிடப் போயிருந்தான். ஒரு வழியாக வாங்கிக்கொண்டு, நெய்யாற்றின்கரையில் பஸ் மாறி, வெயில் சாயும்போது வீட்டு வாசலை அடைந்தாள். வழியிலேயே வறுத்த கப்பலண்டியின் மணம் வந்தது. நிலக்கடலைக்கு அங்கே அதுதான் பெயர். பசியோடு வந்தவளுக்கு அந்த மணம் பிடித்திருந்தது என்பதை அவள் பிற்பாடு கசப்போடு நினைத்துக்கொண்டாள்.

அம்பூரியிலிருந்து அப்பாவின் அக்காள் ஆனந்தபாய் மாமி வந்திருந்தாள். அடுக்களைத் தரையில் முறம் நிறையக் கப்பலண்டி. வறுத்த பலாக்கொட்டை தனியாக ஒரு பாத்திரத்தில். மாமி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்துவந்து ஜிஜியின் கன்னத்தைப் பிடித்தாள்.

"மெலிஞ்சு போனியே பிள்ளே. அங்க போனா இன்னும் மெலிவே. அதாக்கும் நான் ஓடி வந்தேன். உனக்க அம்மை பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயாச்சு. ஒத்தைக்கு நின்னு எல்லாம் செஞ்சேன். மாங்காவும் போட்டு வச்சாச்சு, பாரு."

ஜிஜி பார்த்தாள். அடுப்புத் திண்டின் மேல் ஆறு ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஆறிலும் சிவப்பாக மாங்காய் ஊறுகாய்.

"மாமி, இந்தப் பாட்டில்..."

"பின்னால பலகையில இருந்து எடுத்தேன். சீட்டெல்லாம் ஒட்டி அசிங்கமா இருந்துது. தண்ணியில ஊறவச்சு உரிச்சு, வெயில்ல காயவச்சேன். பளபளான்னு இருக்கா?"

"அதுல மணல் இருந்துதே."

"நல்ல மணலாக்கும்!" மாமியின் முகம் விரிந்தது. "உனக்க அம்மைகிட்ட செல்லணும்னு இருந்தேன். இவ்வளவு சுத்தமா வறுமணலு வச்சிருக்க வீடு இப்ப எங்க உண்டு? ஒரு கல்லு இல்ல, ஒரு சிப்பி இல்ல. கப்பலண்டி ஒண்ணாவது கரிஞ்சிருக்கா, நீயே பாரு."

எந்த அடுக்களையிலும் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு டின்னில் அரித்துக் காயவைத்த மணல் இருக்கும். கடலை வறுக்க, பலாக்கொட்டை வறுக்க. கழுவி அரித்த மணல் வேறு எதற்கும் இருப்பதாக மாமி தன் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை. சீட்டில் எழுதியிருந்தது ஆங்கிலம்.

"எந்தப் பாட்டில் மணல எடுத்தீங்க மாமி? எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும் ஒண்ணாத்தான் தட்டினேன். சட்டி பெரிசில்லியா? அந்தா, அந்த பிஸ்கட் டின்னுல வாரி வச்சிருக்கேன். ஒரு பொடி களையல்லே."

டின்னைத் திறந்தாள். மணல் இன்னும் சூடாக இருந்தது. நிறம் மாறி, கடலைத் தோல் துணுக்குகள் கலந்து, ஆறு இடமும் ஒன்றாகக் கிடந்தது. கையை உள்ளே விட்டாள். எடுக்கத் தோன்றவில்லை. கூச்சல் போட வேண்டும் என்று இருந்தது. அப்போது மாமியின் கை கண்ணில் பட்டது. உள்ளங்கை ஓரத்தில் சூட்டு மணல் பட்டுத் தோல் சிவந்து பொங்கியிருந்தது. அதன்மேல் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஜிஜி டின்னை மூடிவைத்துவிட்டு, பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தாள்.

அம்மா வந்ததும் விஷயம் வெளியே வந்தது. மாமி அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவே, ஒரு பிள்ளை மணலைப் பத்திரமாக வைத்திருக்கும் என்று எப்படித் தெரியும் என்று நியாயமாகவே கேட்டாள். அம்மா படிக்கு வந்து நின்றாள்.

"மைனி ஆசையா செஞ்சது மோளே. நீ இப்படி முகத்தத் தூக்கி வச்சிட்டு இருந்தா அவ நாளைக்கே அம்பூரிக்குப் போயிருவா. மணலுக்கா பஞ்சம்?"

மணலுக்குப் பஞ்சம் என்பதைத்தான் அவள் ஒரு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

டின்னை எடுத்துக்கொண்டு வந்த மாமிக்கு ஒரு வழி தோன்றியது. "நல்ல தண்ணி விட்டுக் கழுவித் தாறேன் பிள்ளே. பழைய நெறம் வரும்."

"வேண்டாம்!"

அந்தச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. மாமி டின்னிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அம்மா உள்ளே போய்விட்டாள்.

அப்பா அன்று கடைசி வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வந்து எல்லாவற்றையும் கேட்டார். பஸ் ஓட்டுகிறவருக்கு எந்தச் சிக்கலுக்கும் ஒரு மாற்றுப்பாதை உண்டு. "அவ்வளவுதானே? காலையில நான் லீவு போடுதேன். ஸ்கூட்டர்ல போய் அள்ளிட்டு வந்திருவோம்" என்றார். ஜிஜி அவரைப் பார்த்தாள். போய்ப் பார்த்தால்தான் அவருக்குப் புரியும் என்று தோன்றியது. சரி என்று தலையசைத்தாள்.

உச்சக்கடை வழியாகப் பொழியூர் போகும் வரை அப்பா பேசிக்கொண்டே வந்தார். கடற்கரை ரோடு பாதியில் உடைந்து நின்றது. தார் விளிம்புக்குக் கீழே கறுப்புக் கற்கள், அதற்குக் கீழே கடல். அவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு முன்னால் போய் நின்றார்.

"எங்க எடுத்தே?"

அவள் கடலுக்குள் கையைக் காட்டினாள். ஒரு அலை கல்லில் அடித்து விழுந்தது. அவள் காட்டிய இடத்தில் ஒரு வள்ளம் போய்க்கொண்டிருந்தது.

"அங்கயா?"

"அங்கதான். ரெண்டாவது இடம் அந்த வள்ளத்துக்கும் அப்பால."

அப்பா நீண்ட நேரம் அந்த வள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் அவளும் சேர்ந்து பேசாமல் நின்றது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பில் மனசு கொஞ்சம் இளகவும் செய்தது. அப்போது அவர் தெற்கே, கல் போடாத ஒரு மூலையில் ஒதுங்கியிருந்த மணலை நோக்கி நடந்தார். சஞ்சியை விரித்து, இரண்டு கையாலும் அள்ளிப் போட ஆரம்பித்தார்.

"அப்பா, என்ன செய்யுறீங்க?"

"இதும் பொழியூர் மணலுதானே. ஆறு கவருல போட்டு அதே மாதிரி சீட்டு ஒட்டு. வெள்ளக்காரனுக்கு என்ன தெரியும்? அவன் வந்து பாக்கவா போறான்?"

"அதத் தெரிஞ்சுக்கிடத்தானப்பா அவன் மெஷின் வச்சிருக்கான்."

"மெஷினு மணலத்தானே பாக்கும். தேதியையா பாக்கும்?"

"நான் பாப்பேன் இல்லியா?"

அவர் கை நின்றது.

"நீங்க எல்லாரும் எனக்கு ஒதவி செய்யுறீங்க" என்றாள் ஜிஜி. அவள் நிறுத்தவில்லை. "யோசுவா மாமா ஒதவி, மாமி ஒதவி, இப்ப நீங்க. இந்த மணலு எதுக்குன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? லண்டன்னு செல்லதுக்கும் பொதி வைக்கதுக்கும்தான் நான் போறது எல்லாருக்கும் வேணும். நான் பொய்ச் சீட்டு ஒட்டினா, கடலு இங்க எதையும் கொண்டு போகல்லேன்னு அந்த மெஷினு செல்லும். இந்தா, இந்த ரோட்டப் பாத்து நீங்க செல்லுங்க, கொண்டு போகல்லியா?"

கல்லின் மேல் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா சஞ்சியைக் கவிழ்த்தார். மணல் கொட்டியது. திரும்பும் வழியில் அவர் பேசவே இல்லை. தன் மௌனத்தை மற்றவர் எடுத்துக்கொள்ளும்போது அது எவ்வளவு கனக்கும் என்று ஜிஜி ஸ்கூட்டரின் பின்னால் இருந்து தெரிந்துகொண்டாள்.

வழியெல்லாம் யோசித்து அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். எந்த இடத்தில் எந்த மணல் இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த ஆறு கேள்விகளும் போயின. ஆனால் சூட்டில் மணலின் பருமன் மாறாது. மொத்தமாக அந்தக் கரை ஏப்ரலில் எப்படி இருந்தது என்ற ஒரு கேள்விக்கு அந்த பிஸ்கட் டின்னில் இன்னும் பதில் இருந்தது. ஆறுக்குப் பதில் ஒன்று. அதைச் சொல்லி ஹாலந்தில் பேராசிரியர் முன்னால் நிற்க வேண்டும். அந்த நினைப்பே முகத்தைச் சுட்டது.

டின்னை முற்றத்துக்குக் கொண்டுவந்து, கடலைத் தோலை ஊதி அரித்து நீக்கினாள். மணலை உறைகளில் நிரப்பினாள். எல்லா உறைகளிலும் ஒரே விஷயத்தைத்தான் எழுத வேண்டியிருந்தது: பொழியூர், ஏப்ரல், ஆறு இடங்கள், கலந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு 'வறுத்தது' என்பதையும் சேர்த்தாள். அதை ஆங்கிலத்தில் எழுதியபோது சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கினாள்.

சாயங்காலம் யோசுவா மாமா கயிறோடு வந்தார். பெட்டியைத் தராசில் தூக்கிப் பார்த்தார். முள் போகக் கூடாத இடத்துக்குப் போய் நின்றது.

"கூடிப் போச்சு. மணல எடு."

"மணலு இருக்கட்டும் மாமா."

அம்மா குறுக்கே வந்தாள். "எல்லாம் கலந்து போச்சுன்னுதானே சென்னே. அப்பம் ஒரு கை மணலு போதாதா?"

ஜிஜி குனிந்து, அம்மா உள்ளே அடுக்கியிருந்த ஊறுகாய் பாட்டில்களை வெளியே எடுத்தாள். கடலைப் பொட்டலத்தை எடுத்தாள். ஸ்வெட்டரை எடுத்துத் தன் கைப்பையில் திணித்தாள். முள் கொஞ்சம் இறங்கிற்று, போதவில்லை. பிறகு நடுவில் கையை விட்டு, துணியில் தைத்த பொதியை எடுத்து யோசுவா மாமாவின் பக்கத்தில் நாற்காலியில் வைத்தாள்.

"விபினுக்கு இதக் குடுக்க என்னால முடியாது மாமா. முன்னாலயே சென்னேன். இது ஹாலந்துல கெடந்து வீணாப் போவும்."

யோசுவா மாமா பொதியைப் பார்த்தார். மஞ்சள் கயிற்றை மெதுவாகச் சுற்றிச் சஞ்சியில் போட்டார்.

"உனக்க மோளு படிச்சவளாக்கும் ராபின்சா" என்றார். "கயிறு கெட்டவும் அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

தராசையும் பொதியையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அப்பா ஜிஜியை ஒரு தடவை பார்த்தார். காலையில் பொழியூரிலிருந்து திரும்பும்போது இருந்த அதே முகம். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே போனார், சமாதானம் சொல்ல. அம்மா ஊறுகாய் பாட்டில்களை இரண்டிரண்டாக அடுக்களைக்குச் சுமந்தாள். ஒவ்வொரு தடவையும் திண்டில் வைக்கும் சத்தம் கேட்கும்படி வைத்தாள்.

வீட்டில் இருந்தது பழைய தேங்காய் நார்க் கயிறு. ஜிஜி அதைப் பெட்டிக்குக் குறுக்கே போட்டு இழுத்தாள். மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே நின்றது. மாமி எங்கிருந்தோ வந்து, ஒன்றும் கேட்காமல், மூடியின் மேல் முழங்காலை ஊன்றி அழுத்தினாள்.

"பிள்ளே" என்றாள் மாமி. "அந்தக் கரைக்கு இனி மணலு திரும்ப வராதா?"

ஜிஜியின் கை நின்றது. இந்தக் கேள்விக்காகத்தான் அவள் ஒரு வருடம் பஸ் ஏறி இறங்கியிருந்தாள். அதைக் கேட்க இவள்தான் கிடைத்தாள், இன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியது.

"தெரியாது மாமி. அதத்தான் பாக்கப் போறேன்."

"அது பொழியூர்ல கேட்டா செல்லமாட்டாவளா? அதுக்கு லண்டன் வர போகணுமா?"

"லண்டன் இல்ல மாமி."

"எங்கயோ. நீ முடிச்ச இறுக்கு. எனக்கு முட்டு நோவுது."

ஜிஜி இறுக்கினாள். மாமி முழங்காலை எடுத்ததும் கயிறு நெகிழ்ந்து மூடி எழும்பியது. ஜிஜி முடிச்சை அவிழ்த்து, மறுபடியும் முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தாள்.